அரும்பு நிலையிலேயே நின்ற சிறுவன்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 முதல் 2025 வரை தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படித்த ஒரு சிறுவனைப் பற்றிய பதிவு இது. வட்டார வள மையத்தில், சிறப்பு உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் என்ற முறையில் அவனோடு பணியாற்றினேன். பெற்றோரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஊரையும் ஆளையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் இதில் இல்லை.

கொரோனாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகள் எல்லாப் பள்ளிகளிலும் இருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் டிஸ்லெக்சியா (அறிவுத்திறன் இயல்பாக இருந்தும் வாசிப்பதில் ஏற்படும் இடர்ப்பாடு) உள்ள ஒரு பிள்ளையைப் பிரித்து அறிவது எளிதாக இல்லை. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட அறிகுறிப் பட்டியல்கள் எங்களுக்குப் பயன்படவில்லை. தமிழ் எழுத்தில் எந்த இடத்தில் அவன் தடுக்கி விழுகிறான் என்று உட்கார்ந்து பார்த்ததுதான் பயன்பட்டது. இதைப் பதிவு செய்யக் காரணமும் அதுவே.

பின்னணி

சிறுவன் 2020–21 கல்வியாண்டில் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டான். சேர்க்கை பதிவேட்டில் மட்டுமே நடந்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அவன் முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பு மாணவன்.

அப்பா விசைத்தறிப் பட்டறையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். அம்மா வீட்டிலிருந்தே தறிக்கான நூலைத் தார் சுற்றிக் கொடுக்கிறார். அப்போது ஏழாம் வகுப்பு படித்த அக்கா நன்றாக வாசிப்பாள். அம்மாவைப் பெற்ற அம்மிச்சி உடன் இருக்கிறார். பள்ளி மூடியிருந்த மாதங்களில் பிள்ளைக்குச் சிலேட்டில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். “எனக்கும் எழுத்து ஏறவில்லை, பட்டறைக்குப் போய்விட்டேன்” என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார். டிஸ்லெக்சியா குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால் இந்த ஒரு வாக்கியத்தைக் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்தேன்.

பேச்சு வந்தது தாமதமாகவா என்று கேட்டதற்கு, வயதுக்கேற்பப் பேசினான் என்றார் அம்மா. ஆனால் ஐந்து வயது தாண்டியும் நீளமான சொற்களில் ஒலிகள் இடம் மாறின. ‘சமையல்கட்டு’ அவன் வாயில் ‘மசையல்கட்டு’ ஆகும். வீட்டில் அதை மழலை என்று ரசித்திருக்கிறார்கள்.

மூன்றாம் வகுப்பு: 2022 ஜூன் முதல் டிசம்பர் வரை

2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கியது. பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பார்க்காமல், கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிப்பது அதன் முறை. இந்தச் சிறுவன் அரும்பில் வைக்கப்பட்டான். அதில் வியப்பு ஒன்றுமில்லை. அவன் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அரும்பில்தான் இருந்தார்கள்.

அரையாண்டு வருவதற்குள் பெரும்பாலானோர் மொட்டுக்கு நகர்ந்துவிட்டார்கள். அரும்பில் மிஞ்சியவர்கள் இருவர். ஒரு சிறுமி, பெற்றோர் செங்கல் சூளைக்குப் போகும்போதெல்லாம் அவளும் போய்விடுவாள், பாதி நாள் வருகை இல்லை. மற்றவன் இவன். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவன்.

வகுப்பாசிரியர் என்னை அழைத்ததற்குக் காரணம் இந்த முரண்பாடு. அவர் சொன்ன இன்னொன்று: “இவன் நோட்டைப் பாருங்கள், வகுப்பிலேயே நல்ல கையெழுத்து.” பார்த்தேன். கரும்பலகையில் எழுதிப்போட்டது அனைத்தும் அச்சுப் போல இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ‘நன்று’. அவற்றில் ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொன்னபோது, “சார் போர்டில் எழுதினார், நான் எழுதினேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரும்பலகை துடைக்க எழுந்து போனான். வாசிப்பு நேரத்தில் கரும்பலகை துடைப்பது, குடத்தில் தண்ணீர் எடுத்து வருவது, பக்கத்து வகுப்பில் சாக்பீஸ் வாங்கி வருவது எல்லாம் அவன் வேலை. காலையில் வயிற்று வலி என்று அழுவது அந்த ஆண்டில்தான் தொடங்கியது என்று பிறகு அம்மா சொன்னார்.

இந்தப் பள்ளிக்கு முன்பு ஒரு பயிற்சியில் கொடுத்த அறிகுறிப் பட்டியலில், எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி எழுதுவது முதலிடத்தில் இருந்தது. இவன் ஒரு எழுத்தையும் திருப்பி எழுதவில்லை. அதனால் டிஸ்லெக்சியா இல்லை என்ற முடிவுக்கு ஒருமுறை வந்திருக்கிறார்கள். எழுதப் பழகும் வயதில் பல பிள்ளைகள் சில எழுத்துகளைத் திருப்பி எழுதுவது இயல்பு. டிஸ்லெக்சியாவின் வேர் கண்ணில் இல்லை. பேச்சின் ஒலிகளைப் பிரித்து உணர்ந்து, அவற்றை எழுத்தோடு சேர்த்து, விரைந்து நினைவுக்குக் கொண்டுவருவதில் உள்ள இடர்ப்பாடு அது.

உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தவை

பாடப்புத்தகத்தில் தெரிந்த பாடம் ஒன்றை எடுத்து வாசிக்கச் சொன்னேன். தடையில்லாமல் வாசித்தான், விரல் வரிமேல் ஊர்ந்தது. கூர்ந்து பார்த்தால் வாய் ஒரு சொல்லிலும் விரல் வேறொரு சொல்லிலும் இருந்தன. அக்கா வீட்டில் வாசித்ததைக் கேட்டு முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறான். அதே சொற்களைத் தனித்தனி மின்னட்டைகளில் எழுதிக் கலைத்துக் காட்டியதும் நின்றுவிட்டான்.

உயிர்மெய் வரிசையை ‘க, கா, கி, கீ’ என்று ராகத்தோடு சொல்வான். ‘கூ’வை மட்டும் காட்டினால் முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிற்பான். பாட்டு இல்லாமல் எழுத்து இல்லை. தமிழில் 247 எழுத்துகள் என்று சொல்லிப் பயமுறுத்துகிறோம். உண்மையில் 12 உயிர், 18 மெய், அவை சேரும் குறியீட்டு முறை ஆகியவற்றைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு மீதி தானாக வரும். இவன் அந்த முறையைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு உயிர்மெய்யும் அவனுக்குத் தனித்தனிப் படமாகவே இருந்தது. கன்னட எழுத்து கற்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இத்தகைய எழுத்து முறைகளில் எழுத்தறிவு முழுமை பெறத் தொடக்க வகுப்புகள் பல தேவைப்படுகின்றன என்று 2007இல் எழுதியிருக்கிறார். ஆக, மூன்றாம் வகுப்பில் சில எழுத்துகள் தெரியாமலிருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. தவறுகளின் இயல்பைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அந்தத் தவறுகளில் மூன்று வகை திரும்பத் திரும்ப வந்தன.

முதலாவது, கொம்பும் காலும். ‘பொம்மை’ என்ற சொல்லை ‘பெரம்மை’ என்றான்; ‘கொடி’, ‘கெரடி’ ஆனது. காலை ‘ர’ என்று எடுத்துக்கொள்கிறான். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, அடுத்து ப, அடுத்து கால். ஒலியோ ‘ப்’பில் தொடங்கி ‘ஒ’வில் முடிகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலிக்கும் பிள்ளைக்கு இது பெரிய தடை. எழுத்துப் பழகும் எல்லாப் பிள்ளைகளும் இதில் சில வாரம் தடுமாறுவார்கள். இவன் ஓர் ஆண்டுக்கு மேல் அங்கேயே இருந்தான்.

இரண்டாவது, குறில் நெடில். படம்–பாடம், விடு–வீடு, கொடு–கோடு ஆகிய இணைகளைப் பேச்சில் ஒருபோதும் குழப்பமாட்டான். எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

மூன்றாவது வகையைப் பலரும் கவனிப்பதில்லை. ‘பகல்’ என்ற சொல்லை ‘ப… க… ல்’ என்று எழுத்தெழுத்தாகச் சரியாகத்தான் சொன்னான். ஆனால் நடுவிலுள்ள ககரத்தை ‘பக்கம்’ என்பதில் வரும் அழுத்தத்தோடு ஒலித்தான். சேர்த்துச் சொன்னபோது அது அவனுக்குத் தெரிந்த எந்தச் சொல்லாகவும் இல்லை, விழித்தான். தமிழில் வல்லின எழுத்து ஒன்றுதான், ஒலி இடத்துக்கு இடம் வேறு: ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. மற்றப் பிள்ளைகள் கூட்டிய ஒலியைத் தெரிந்த சொல்லோடு பொருத்தி நொடியில் திருத்திக்கொள்வார்கள். இவனோ மூன்றாம் எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்தின் ஒலியை மறந்துவிடுகிறான். பொருத்திப் பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை.

வாய்மொழிச் சோதனைகளும் இதையே காட்டின. சொல்லை அசை அசையாகக் கைதட்டிச் சொல்வதில் சிரமமே இல்லை. ‘கல்’ என்பதில் தொடக்க ஒலியை எடுத்துவிட்டு ‘ப்’ போடு என்றால் ‘பகல்’ என்றான். எழுத்தளவில் நிற்கிறான், எழுத்துக்குள் இருக்கும் ஒலியைப் பிரிக்க முடியவில்லை. நன்றாகத் தெரிந்த பொருள்களின் படங்களை வரிசையாக வைத்து வேகமாகப் பெயர் சொல்லச் சொன்னபோது, அரும்பில் இருந்த அந்தச் சிறுமியைவிடவும் வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

இன்னொரு பக்கமும் பார்த்தோம். நான் ஒரு கதையை வாசித்துக் காட்டினால் அதை விட்டுப்போகாமல் திருப்பிச் சொன்னான். நரி ஏன் பொய் சொன்னது என்று கேட்டால் காரணம் சொன்னான். வாசிப்புத் திறன் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றையொன்று பெருக்கி வருவது என்று 1986இல் கஃப், டன்மர் இருவரும் விளக்கினார்கள். இதில் ஒன்று சுழியானால் பெருக்குத்தொகையும் சுழிதான். இவனிடம் இரண்டாவது செழிப்பாக இருந்தது. முதலாவது ஏறக்குறைய இல்லை.

‘சென்றான்’ என்று அச்சிட்டிருந்ததைச் சில சமயம் ‘போனான்’ என்று வாசித்தான். பொருள் தெரிந்து, எழுத்தைப் பார்க்காமல் ஊகித்தது இது. ‘வந்தார்கள்’ என்பதை ‘வந்தாங்க’ என்றது வேறு. எழுத்தைக் கூட்டி, வீட்டு மொழியில் ஒலித்திருக்கிறான். இதைத் தவறாக எண்ணக் கூடாது என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். தமிழ்ப் பிள்ளைகளின் வாசிப்பை மதிப்பிடும் எவரும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இடைவெளியா, இடர்ப்பாடா: 2023 ஜனவரி முதல் ஏப்ரல் வரை

முதல் முடிவு, எந்தப் பெயரும் சூட்டாமலிருப்பது. ஒன்றரை ஆண்டு பள்ளியைக் காணாத பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்துவது நியாயமில்லை. கற்பிக்கப்படாமல் போன பிள்ளைக்கும் கற்பித்தும் பிடிபடாத பிள்ளைக்கும் ஒரு நாள் தேர்வில் வேறுபாடு தெரியாது. இருவருக்கும் ஒரே மாதிரி, முறையாக, சில மாதங்கள் கற்பித்துப் பார்த்தால் தெரியும்.

அதற்கு முன் காதும் கண்ணும். அரசு மருத்துவமனையில் இரண்டையும் பரிசோதித்தார்கள், குறை இல்லை. இந்த இடைவெளியில் வீட்டில் வல்லாரையும் வசம்பும் கொடுத்துப் பார்த்தார்கள், நான் தடுக்கவில்லை. மூளைப் பயிற்சி என்று பெருந்தொகை கேட்ட ஒரு தனியார் நிலையத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று மட்டும் உறுதியாகச் சொன்னேன். அவர்கள் காட்டிய துண்டறிக்கையில் எழுத்தைப் பற்றியோ ஒலியைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

சிறுமியையும் சிறுவனையும் ஒரே குழுவாக வைத்து, பள்ளி நாட்களில் தினமும் அரை மணி நேரம் வகுப்பாசிரியர் கற்பித்தார். வாரத்தில் இரு நாள் நானும் இருந்தேன். மாலையில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர் அன்றைய சொற்களை மீண்டும் படிக்க வைத்தார். பொங்கலுக்குப் பின் சூளைக்குப் போகாமல் பாட்டி வீட்டில் நின்ற சிறுமி, மார்ச்சுக்குள் சிறு வாக்கியங்களை வாசித்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது வாய்ப்பு மட்டும்தான். சிறுவன் எழுத்துகளில் முன்னேறினான். ஆனால் வெள்ளிக்கிழமை தெரிந்தது திங்கள்கிழமை மறந்தது. அவளுக்கு இரண்டு மூன்று முறையில் பதிந்த சொல் அவனுக்குப் பல பத்து முறை தேவைப்பட்டது. ஐயம் அங்கேதான் உறுதியாயிற்று.

கற்பித்த முறை

வரிசைப் பாட்டை நிறுத்தினோம். ம, க, ல, ப, ட என ஐந்து மெய்கள், அகரம், ஆகாரம், புள்ளி. இவ்வளவுதான் முதல் கட்டம். இவற்றைக் கொண்டே கல், கால், பல், பால், படம், பாடம், கடல், பகல், பக்கம், பட்டம் என்று உண்மையான சொற்கள் கிடைக்கின்றன. குறில் நெடில் இணைகளும், ஒற்று இரட்டித்தால் அழுத்தம், தனித்து நடுவில் வந்தால் மென்மை என்ற வேறுபாடும் இந்தச் சின்னப் பட்டியலுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. பகல்–பக்கம், படம்–பட்டம் என்று அடுத்தடுத்து வைத்து, தொண்டையில் விரல் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். இலக்கண விதியாகச் சொல்லவில்லை. அவன் நாக்குக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுத்தோடு இணைத்தோம்.

ஒலியைப் பிரிப்பதற்குப் புளியங்கொட்டை. ரஷ்ய உளவியலாளர் எல்கோனின் கட்டங்கள் வரைந்து வில்லைகளை நகர்த்தச் செய்த முறையின் தமிழ் வடிவம் இது. ‘பால்’ என்ற சொல்லுக்கு எழுத்து இரண்டு, ஒலி மூன்று: ப், ஆ, ல். மெய்யொலிக்குக் கறுப்புக் கொட்டை, உயிரொலிக்கு வெள்ளைக் கூழாங்கல். ஒலியைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். நெடிலுக்கு இரண்டு வெள்ளைக்கல் ஒட்டி வைத்தோம். பல நாள் இயந்திரம் போல நகர்த்தினான். ஒருநாள் ‘கல்’ என்று வைத்திருந்ததில் முதல் கொட்டையை விரலால் மூடிக்கொண்டு, “இதை மாற்றினால் பல். நடுவில் இன்னொரு வெள்ளை வைத்தால் பால்” என்று தானாகச் சொன்னான். அன்று ‘மல்’, ‘டல்’ என்று தனக்குப் பொருள் தெரியாத சொற்களையும் செய்து சிரித்தான். எழுத்து படமல்ல, உறுப்புகளால் ஆனது என்பது அவனுக்குப் புரிந்த நாள் அது என்று நம்புகிறேன்.

கொம்பும் காலும் சேரும் எழுத்துகளை உகர, இகர வரிசைகள் பதிந்த பிறகே எடுத்தோம். நடுவில் மெய் நிற்கும் அட்டை. இருபுறமும் சிவப்பில் கொம்பும் காலும். இரண்டு சிவப்பும் ஒரு நூலால் கட்டப்பட்டிருந்தன, ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும். ‘நடுவில் நிற்பவரை முதலில் கூப்பிடு’ என்பது அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம். வாசிக்கும்போது நீண்டநாள் உதட்டுக்குள் அதைச் சொல்லிக்கொண்டான்.

இடையில் புரியாத ஒன்று இருந்தது. ‘லை’, ‘னை’ ஆகிய எழுத்துகளை மட்டும் எவ்வளவு கற்பித்தும் வேறு ஏதோ வடிவில் எழுதினான். வீட்டுச் சிலேட்டைப் பார்த்ததும் விடை கிடைத்தது. அம்மிச்சி படித்தது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு. யானைத் துதிக்கை போல் மேலே வளையும் பழைய வடிவத்தை அவர் அன்போடு சொல்லிக்கொடுத்திருக்கிறார். வேறு பிள்ளையாக இருந்தால் இரண்டு வடிவத்தையும் ஏற்றுக்கொண்டு போயிருக்கும். இவனுக்கு அது கூடுதல் சுமை. அம்மிச்சியிடம் பக்குவமாகச் சொன்னோம். எழுத்து வேண்டாம், கதை சொல்லுங்கள் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

அந்தக் கதைகள் பெரிய உதவியாயின. இரவு அம்மிச்சி சொன்னதை மறுநாள் மாலை அவன் சொல்வான். தன்னார்வலர் அவன் வாய்மொழியிலேயே நான்கைந்து வரிகள் எழுதுவார். எதிர்ப்பக்கத்தில் அதையே புத்தகத் தமிழில் எழுதுவார். இரண்டையும் வாசிப்பான். ‘போய்க்கொண்டிருந்தான்’ போன்ற நீண்ட சொற்களை மெல்லிய கோடிட்டுப் பிரித்துக் கொடுத்தோம்.

இதே காலத்தில் எடுத்த இன்னொரு முடிவு, மற்றப் பாடங்களை அவனிடமிருந்து பறிக்காமலிருப்பது. அறிவியலையும் சமூக அறிவியலையும் அக்கா வாசித்துக் காட்டினாள். வினாக்களுக்கு வாயால் விடை சொன்னான். ஆசிரியர் மதிப்பெண் கொடுத்தார். வாசிக்கத் தெரியும்வரை அறிவு காத்திருக்க வேண்டியதில்லை.

அப்பா அவனை ஆங்கில வழித் தனியார் பள்ளிக்கு மாற்றலாம் என்று எண்ணினார். கூட வேலை பார்ப்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். பேச்சில் தனக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் தடுமாறும் பிள்ளைக்கு, பேசத் தெரியாத, எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு இன்னும் சிக்கலான ஒரு மொழியில் சுமை கூடும். தமிழில் கூட்டிப் பழகியது பின்னர் ஆங்கிலத்துக்கும் துணையாகும். அப்பா ஓர் ஆண்டு பொறுப்பதாக ஒப்புக்கொண்டார்.

மதிப்பீடும் சான்றிதழும்: 2023

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா அடங்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்பதையும் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 2018 ஜனவரியில் வந்து அப்போது நடைமுறையில் இருந்த மைய அரசின் வழிகாட்டுதல்படி, அறிவுத்திறன் சோதனையும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பும் முடிந்த பிறகே சான்றிதழ். 14 வயதில் மறுமதிப்பீடு. 18இல் கொடுப்பது வாழ்நாள் முழுவதற்கும்.

இதில் வீட்டுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் நாளை பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வரும் என்று அம்மா அஞ்சினார். அந்த அச்சத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை, ஊர் அப்படித்தான். சான்றிதழால் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் சொன்னேன்: பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாடச் சலுகை. முடிவை மாற்றியது அப்பா. “என்னை மக்கு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இவனுக்கு அப்படி ஆகக் கூடாது” என்றார். அம்மா அதற்குமேல் மறுக்கவில்லை.

மருத்துவ உளவியலாளரின் அறிக்கை எங்கள் எதிர்பார்ப்பை உறுதி செய்தது: அறிவுத்திறன் இயல்பு நிலையில், வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் குறைபாடு, கணக்கில் வாக்கியக் கணக்குகள் மட்டுமே தடை. அறிக்கையைப் பையனுக்கும் விளக்கினோம். மூளை மந்தம் இல்லை. எழுத்துப் பாதை மட்டும் சுற்றிப் போகிறது, அதனால் நேரம் ஆகிறது என்று சொன்னேன். சிறிது யோசித்துவிட்டு, அப்பாவுக்கும் அப்படியா என்று கேட்டான். இருக்கலாம் என்றேன்.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் நடந்தவை

நான்காம் வகுப்பின் முதல் பருவத்தில் உயிர்மெய் முழுவதும் ஒருவழியாக வசமானது. பள்ளிக் கல்வித் துறையின் ‘வாசிப்பு இயக்க’ நூல்களில் மிக எளிய ‘நுழை’ வரிசைப் புத்தகங்களைத் தன்னால் வாசிக்க முடிகிறது என்று அறிந்ததும் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வீட்டுக்குக் கொண்டு போனான். வயிற்று வலி நின்றது. பிறகு அடுத்த நிலையான ‘நட’ வரிசை. அங்கே நீண்டநாள் நின்றான்.

எங்கள் கணிப்பு பொருந்திய இடமும் வேலை கூடிய இடமும் அதுதான். ஜெர்மன் போல எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் மொழிகளில், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் ஒரு கட்டத்தில் பிழையில்லாமல் வாசித்துவிடுகிறார்கள், வேகம்தான் வருவதில்லை என்று ஆஸ்திரிய ஆய்வாளர் ஹைன்ஸ் விம்மர் 1993இல் காட்டினார். தமிழிலும் நான் கண்டது அதுவே. நான்காம் வகுப்பு முடிவில் அவன் வாசிப்பில் பிழை குறைவு. ஆனால் வகுப்புத் தோழன் ஒரு பக்கம் முடிக்கும்போது இவன் மூன்றாம் வரியில் இருப்பான். பிழையில்லை என்பதால் பள்ளியில் சிலர் சரியாகிவிட்டான் என்று உதவியைக் குறைக்க விரும்பினார்கள். சரியாகவில்லை. தேர்வில் பாதித் தாள் வெற்றாக இருந்ததற்குக் காரணம் அறியாமை அல்ல, நேரம்.

ஆகவே ஐந்தாம் வகுப்பு முழுவதையும் சரளத்துக்குக் கொடுத்தோம். ஒரே பத்தியை ஒரு வாரம் திரும்பத் திரும்ப வாசிப்பது. அக்காவோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிப்பது. அடிக்கடி வரும் ஈறுகளை (-க்கொண்டு, -இலிருந்து, -வில்லை) ஒரே பார்வையில் அடையாளம் காணப் பழகுவது. வகுப்பின் முன் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வதை ஆசிரியர் அடியோடு நிறுத்தினார். முந்தைய நாளே பத்தியைக் குறித்துக் கொடுத்து, மறுநாள் அவனாகக் கை தூக்கினால் மட்டும் வாய்ப்பு. சில வாரங்களுக்குப் பிறகு கை தூக்கினான்.

எழுத்துப்பிழை தீரவில்லை. ண–ன, ல–ள–ழ, ர–ற ஆகியவற்றில் பேச்சு வழிகாட்டாத இடங்களில் கண் நினைவு வேண்டும். அது அவனிடம் குறைவு. பிறப்பிலேயே நல்ல நினைவுள்ள பிள்ளைகளுக்கே இவை சோதனை. சொல்வதை எழுதுதலில் பத்துச் சொல்லுக்குப் பதில் நான்கு சொல், ஆனால் ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்து நான்கும் சேர்ந்து வரும் என்று ஏற்பாடு செய்தோம்.

விளைவு

2025 ஜூனில் அவன் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். அப்போதைய நிலை: மூன்றாம் வகுப்பு அளவிலான தெரியாத பத்தியைப் பெரும்பாலும் பிழையின்றி, மெதுவாக வாசித்துப் பொருள் சொல்வான். ஆறாம் வகுப்புப் பாடம் கடினம். வாசித்துக் காட்டினால் வகுப்பின் முன்வரிசையில் இருப்பான். தானாக நான்கைந்து வாக்கியங்கள் எழுதுவான், பிழைகளோடு. பட்டறையில் எந்தத் தறியில் எந்த நூல் அறுந்தது என்று அப்பா எழுதிவைக்கும் சீட்டை இப்போது அவன்தான் திருத்தி எழுதிக் கொடுக்கிறான் என்று அம்மா சொன்னார்.

மாற்ற வேண்டியவை

அரும்பில் ஒரு பருவத்துக்குமேல் நிற்கும், ஆனால் தவறாமல் பள்ளிக்கு வரும் பிள்ளையை அந்தப் பருவத்தின் முடிவிலேயே தனியே பார்க்க வேண்டும். இந்த ஒரு குறிப்பு எங்கள் வட்டாரத்தில் இப்போது நடைமுறைக்கு வந்திருக்கிறது. நல்ல கையெழுத்தும் ஒழுங்கான நோட்டும் பாதுகாப்பான அறிகுறிகள் அல்ல. பார்த்து எழுதியதை மறுநாள் வாசிக்கச் சொல்லிப் பார்த்தால் போதும், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரளப் பயிற்சியை எழுத்தெல்லாம் முடிந்த பிறகு என்று ஒத்திவைக்காமல், முதல் ஐந்து எழுத்துகளின் சொற்களோடேயே தொடங்குவது நல்லது. அடுத்து வந்த பிள்ளைகளிடம் அப்படித்தான் செய்கிறேன். வீட்டில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர் யார், எந்த வடிவத்தில் என்ற கேள்வியும் முதல் சந்திப்பின் படிவத்தில் சேர்ந்துவிட்டது.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு சிறப்பாசிரியருக்குப் பல பள்ளிகள். வாரத்துக்கு இரு நாள் என்பதே இந்தப் பள்ளி பேருந்துச் சாலையில் இருந்ததால் கிடைத்தது. இவனுக்குப் பயன் கிடைத்ததற்கு முதன்மையான காரணம் வகுப்பாசிரியர் தினமும் கொடுத்த அரை மணி நேரம். அந்த நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்காதவரை, இது ஆசிரியரின் நல்ல மனத்தை நம்பியே நடக்கும்.

நடுநிலைப் பள்ளிக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுத்திருக்கிறோம்: வினாத்தாளை வாசித்துக் காட்டுக, கூடுதல் நேரம் கொடுக்க, எழுத்துப்பிழைக்கு அறிவியல், சமூக அறிவியலில் மதிப்பெண் குறைக்க வேண்டாம், முன்னறிவிப்பின்றி உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம். அறிவியல் ஆசிரியர் இதைப் பின்பற்றுகிறார், மற்றவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலம் இன்னும் அடியிலேயே இருக்கிறது. எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியிலிருந்து தொடங்கும் பயிற்சியை இந்தக் கல்வியாண்டில் எடுத்திருக்கிறோம். மறுமதிப்பீடு 14 வயதில்.